சுண்டிக்குளி முத்தையாவும் தேடினால் கிடைக்காத பெயரும்

சில வாரங்களுக்கு முன்னர் வலிகாமத்தில் ஓர் அம்மாவின் வீட்டுத் திண்ணையில் மடிக்கணினியோடு இருந்தேன். அவருடைய மகன் 1996 இல் காணாமலாக்கப்பட்டவர். அன்றிலிருந்து எழுதிய கடிதங்கள், கிடைத்த பதில்கள், பதிவுத் துண்டுகள் எல்லாவற்றையும் ஒரு பொலித்தீன் பையில் சுற்றி அலுமாரிக்குள் வைத்திருக்கிறார். பைக்குள் ஒரு சீடியும் இருந்தது. சமாதான காலத்தில் யாரோ வந்து விபரம் பதிந்து, பிரதி ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

முதல் எரிச்சல், என் மடிக்கணினியில் சீடி போட இடமில்லை. நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கிப் போட்டேன். கோப்பு திறந்தது. ஆனால் திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். தமிழ் என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, பிறகு ஓர் அரைப்புள்ளி. பாமினி எழுத்துருவில் அடித்த கோப்பு அது. என் கணினியில் பாமினி இல்லை. மகனின் பெயரைத் தமிழில் அடித்துத் தேடினேன். அப்படி ஒன்றும் இல்லை என்றது கணினி. பெயர் அங்கேதான் இருந்தது, கணினிக்கு அது பெயராகத் தெரியவில்லை.

அதே பைக்குள் 1996 இல் தட்டெழுத்துப் பொறியில் அடித்த மனுவின் கார்பன் பிரதியும் இருந்தது. மடிப்புகளில் தாள் கிழிந்து, நீல எழுத்து மங்கியிருந்தது. இருந்தும் ஒரு சொல் விடாமல் வாசிக்க முடிந்தது.

அந்தத் தாளைப் பார்த்தபோதுதான் ஆர். முத்தையா ஞாபகத்துக்கு வந்தார். தமிழ்த் தட்டெழுத்துப் பொறியை உருவாக்கியவர் என்று பொது அறிவுப் புத்தகங்களில் ஒரு வரியில் வருவாரே, அவர்தான். ஊடகக் கற்கைகளில் பட்டம் பெற்றவள் நான். குட்டன்பேர்க்கைப் பற்றி இரண்டு பரீட்சைகளில் எழுதியிருக்கிறேன். பக்கத்து ஊர்க்காரரான முத்தையாவைப் பற்றி ஒரு வரியும் எழுதியதில்லை.

முத்தையா 1886 ஆம் ஆண்டு பெப்ரவரி 24 ஆம் திகதி யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்தார். தந்தையின் பெயர் இராமலிங்கம். மிஷன் பள்ளிக்கூடங்களில் ஆங்கிலம் படித்த இளைஞர்கள் மலாயாவுக்குக் கப்பலேறிய காலம் அது. ரயில்வேயிலும் கந்தோர்களிலும் கணக்குப்பிள்ளைகளாக, எழுதுவினைஞர்களாக அவர்கள் உழைத்து அனுப்பிய காசில் குடாநாட்டில் எத்தனையோ கல்வீடுகள் எழுந்தன. முத்தையாவும் 1907 இல் மலாயாவுக்குப் போனார். பிறகு சிங்கப்பூர். அங்கே ஒரு வணிக நிறுவனத்தில் எழுத்தராக 1930 வரை வேலை செய்தார்.

அந்தக் காலத்துக் கந்தோருக்குத் தட்டெழுத்துப் பொறிதான் இன்றைய கணினி. கடிதம், விலைப்பட்டியல், ஒப்பந்தம் எல்லாம் அதில்தான். பகல் முழுக்க ஆங்கிலத்தில் விரல் ஓடும். தமிழில் ஒரு கடிதம் எழுத வேண்டுமென்றால் பேனையைத்தான் எடுக்க வேண்டும். கருவி கையில் இருக்கிறது, தன் மொழிக்கு மட்டும் அது உதவாது. கணினி வந்த பிறகும் நாம் பல வருடங்கள் பட்ட பாடு இதுதான். பலர் குறைப்பட்டுக்கொண்டு கடந்து போனார்கள். முத்தையா அந்தக் குறையைத் தன் வேலையாக எடுத்துக்கொண்டார்.

தமிழில் 247 எழுத்துகள். ஒரு பொறியில் இருப்பவையோ 40 சொச்சம் விசைகள்தான். ஒரு விசைக்கு மேலும் கீழுமாக இரண்டு வடிவம் என்றாலும் 90 அளவில்தான் அடங்கும். கா, கெ, கே, கை போன்றவை பெரிய சிக்கல் இல்லை. அரவும் கொம்பும் தனித்தனி இடத்தில் நிற்பவை, வரிசையாக அடித்துவிடலாம். கு, மு, து என்பவற்றில் எழுத்தின் உருவமே மாறிவிடுகிறது என்பதால் அவற்றுக்குத் தனி அச்சு வேண்டும். உண்மையான தலையிடி, எழுத்தின் தலையிலேயே ஏறி உட்காரும் குறிகள். க் என்பதில் வரும் புள்ளி, கி என்பதில் வரும் கொக்கி. பொறியில் ஒரு விசையை அடித்தால் தாள் ஓர் எழுத்து தூரம் இடப்பக்கம் நகர்ந்துவிடும். பிறகு அடிக்கும் புள்ளி வெறும் இடத்தில் போய் விழும்.

இதற்கு அவர் கையாண்டது நகரா விசை. பிரெஞ்சு போன்ற ஐரோப்பிய மொழிகளில் எழுத்தின் மேல் குறியிடப் பயன்பட்ட உத்தி அது. அடித்தால் குறி தாளில் பதியும், தாள் நகராது. ஆகவே புள்ளியை முதலில் அடிக்க வேண்டும், பிறகு எழுத்தை. எழுத்து வந்து புள்ளிக்குக் கீழே சரியாக உட்காரும், அதன் பிறகே தாள் நகரும். கையால் எழுதும் ஒழுங்குக்கு இது நேர் எதிர். ஆனால் இந்த ஒரு மாற்றத்தால் 18 மெய்யெழுத்துகளுக்கும் தனித்தனி விசை தேவைப்படாமல் போனது.

முதல் உலகப் போருக்குப் பின்னர், ஜேர்மனியின் டிரெஸ்டன் நகரிலிருந்த சைடல் அன்ட் நௌமான் நிறுவனம் அவருடைய விசைப்பலகையோடு பொறிகளைத் தயாரித்தது. ஐடியல், பிஜோ என்பவை அந்த நிறுவனத்தின் பொறிகளின் பெயர்கள். சுண்டிக்குளியில் பிறந்த ஒருவர் சிங்கப்பூரில் இருந்து திட்டமிட்ட தமிழ், டிரெஸ்டனில் உலோகமாக வார்க்கப்பட்டு, கப்பலில் திரும்பி வந்தது. தமிழ்நாட்டில் 1956 இல் ஆட்சிமொழிச் சட்டம் வந்து அரசு அலுவலகங்கள் தமிழுக்கு மாறத் தொடங்கியபோது, தமிழைத் தட்டெழுதலாம் என்பது ஏற்கெனவே நிரூபிக்கப்பட்ட விடயமாக இருந்தது. அதே 1956 இல்தான் இங்கே தனிச் சிங்களச் சட்டம் வந்தது. ஒரு மொழிக்குப் பொறி கிடைத்துவிட்டால் மட்டும் கந்தோரில் இடம் கிடைத்துவிடாது என்பதை நாங்கள் அந்த வருடத்திலிருந்து படித்துக்கொண்டிருக்கிறோம்.

என் சின்னம்மா தட்டெழுத்தாளராக இருந்தவர். எனக்கு அவர் முதலில் பழக்கியது நடுவரிசை: ய, ள, ன, க, ப. இடது கையின் சின்ன விரலிலிருந்து சுட்டு விரல் வரை. முத்தையாவுக்குப் பிறகு தமிழ்த் தட்டெழுத்து சில திருத்தங்களைக் கண்டது. ஆனாலும் அந்த மரபு அறுபடவில்லை. பாமினியின் நடுவரிசையும் அதுதான். இலங்கையில் பாவனையில் உள்ள ரெங்கநாதன் விசைப்பலகையின் நடுவரிசையும் அதுதான்.

1990 இற்குப் பின்னர் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. பற்றரிக்குத் தடை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலம். அப்போது தட்டெழுத்துப் பொறிக்கு விரல் மட்டும் போதுமாயிருந்தது. நாடாவில் மை காய்ந்தால் சின்னம்மா அதைத் திருப்பிப் போட்டு அடிப்பார். அதுவும் மங்கினால் ஒரே எழுத்தை இரண்டு தரம் குத்துவார். 1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேறியபோது பொறியைத் தூக்க முடியவில்லை. சாக்கில் சுற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது வீட்டில் கதவுகள் இல்லை, பொறி இருந்தது. 1996 இல் பிள்ளைகளைத் தேடிய தாய்மார் மனு அடிக்க வந்தபோது, அந்தப் பொறியும் கார்பன் தாள்களும்தான் அவர்களுக்கு உதவின.

பிறகு கணினி வந்தது. சின்னம்மாவுக்கு அதில் பெரிய கோபம் ஒன்று இருந்தது. பொறியில் குறி முதலில், எழுத்து பிறகு. பாமினியில் எழுத்து முதலில், குறி பிறகு. பழைய பழக்கத்தில் அவர் தமிழ் என்று அடித்தால் திரையில் திம்ழ என்று வந்து நிற்கும். முப்பது வருட விரல்களைத் திருப்பிப் பழக்க அவருக்கு ஆறு மாதம் எடுத்தது. அதற்குள் யுனிக்கோட் வந்துவிட்டது. அதில் இன்னோர் ஒழுங்கு. கொ என்பது நாம் பார்க்கிறபடி கொம்பு, க, அரவு என்றில்லாமல், முதலில் க, பிறகு உயிர்க்குறி என்று சேமிக்கப்படுகிறது.

இதில் நல்ல பக்கம் நிறைய உண்டு. 1985 இல் மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு மென்பொருளைத் தொடங்கினார். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழை இணையத்துக்குக் கொண்டுபோக உழைத்தார். முத்தையா போய் இறங்கிய அதே மண்ணிலிருந்துதான் கணினித் தமிழும் எழுந்தது. இன்று என் கைத்தொலைபேசியில் தமிழ் தானாகவே இருக்கிறது, நான் எதையும் நிறுவ வேண்டியதில்லை. கெட்ட பக்கம், இடையில் விழுந்த காலம். எங்களுடைய போர்க்காலத்தின் பிற்பகுதியும், அதைப் பற்றிய எத்தனையோ பதிவுகளும் பாமினி போன்ற எழுத்துருக்களில்தான் இருக்கின்றன. கணினியின் கண்ணுக்கு அவை ஆங்கில எழுத்துக் குவியல். ஒரு பெயரைத் தேடினால் கிடைக்காது.

தொலைந்தவர்களைத் தேடும் சமூகத்துக்கு இது சின்ன விடயம் இல்லை. முத்தையாவின் பொறி எழுத்தைத் தாளில் பதித்ததோடு தன் வேலையை முடித்தது. எந்தக் கண்ணும் அதை வாசிக்கலாம். கணினி எழுத்தைப் பதிப்பதில்லை, எண்களாகச் சேமிக்கிறது. எந்த எண் எந்த எழுத்து என்ற இணக்கம் கலைந்தால் பெயரும் கலைகிறது.

அந்த அம்மாவின் கோப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து யுனிக்கோட்டுக்கு மாற்றினேன். மாற்றிய பிறகும் சில கொம்புகள் தனியே விழுந்து கிடந்தன, சில சொற்கள் உடைந்திருந்தன. கார்பன் பிரதியைப் பக்கத்தில் வைத்து, வரி வரியாகச் சரிபார்த்தேன். இரண்டு இரவுகள் போயின. உங்கள் வீட்டிலும் பழைய சீடியோ பென்டிரைவோ இருந்தால் இப்போதே திறந்து பாருங்கள். யுனிக்கோட்டுக்கு மாற்றுங்கள், ஆனால் மூலக்கோப்பை அழிக்காதீர்கள். மாற்றியதை ஒரு தரம் கண்ணால் வாசியுங்கள். கட்டாயம் ஒரு பிரதியைத் தாளில் எடுத்து வையுங்கள்.

கடைசியில் மகனின் பெயரைத் திரும்பவும் தேடினேன். பதினொரு இடங்களில் வந்தது. அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மா ஒவ்வொரு பெயரிலும் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு கார்பன் பிரதிக்கு மேலே அதை வைத்து, பொலித்தீன் பையைத் திரும்பச் சுற்றினார்.