கே. எஸ். கிருஷ்ணன்

கரியமாணிக்கம் சீனிவாச கிருஷ்ணன் (1898–1961) தமிழகத்தைச் சேர்ந்த இயற்பியலாளர் ஆவார். இராமன் விளைவைக் கண்டறிந்த ஆய்வில் சி. வி. இராமனுடன் பணியாற்றியவர். பெரும்பாலும் அந்த ஒரு செய்தியாலேயே இவர் நினைவுகூரப்படுகிறார். ஆனால் படிகங்களின் காந்தப் பண்பை அளந்து, அவற்றிலுள்ள அணுக்களின் பிணைப்பை அறிய இவர் வகுத்த வழியே இவருடைய தனிப்பெரும் பங்களிப்பாகும்.

வாழ்க்கை

டிசம்பர் 4, 1898 இல், இன்றைய விருதுநகர் மாவட்டத்திலுள்ள வத்திராயிருப்பில் பிறந்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறித்துவக் கல்லூரியிலும் பயின்றார். இயற்பியல் படித்தவராயினும் கிறித்துவக் கல்லூரியில் இவருக்குக் கிடைத்தது வேதியியல் செய்முறை விளக்குநர் பணி. அங்கு நண்பகல் இடைவேளையில் இவர் நடத்திய கலந்துரையாடல்களுக்குப் பிற கல்லூரி மாணவர்களும் வந்தனர். 1920 இல் கல்கத்தா சென்று, பின்னர் இராமனின் ஆய்வுக்குழுவில் சேர்ந்தார். 1928 இல் இருவர் பெயரிலும் ஆய்வுக் குறிப்பு வெளியாயிற்று. 1930 ஆம் ஆண்டின் நோபல் பரிசு இராமனுக்கு மட்டும் வழங்கப்பட்டது.

காந்தவியல் ஆய்வுகள்

சத்தியேந்திரநாத் போஸ் பணியாற்றிய டாக்கா பல்கலைக்கழகத்தில் கிருஷ்ணன் இவ்வாய்வைத் தொடங்கினார். கருவி மிக எளியது. மெல்லிய குவார்ட்சு இழையில் சிறு படிகத்தைத் தொங்கவிட்டு, சீரான காந்தப் புலத்தில் வைத்தால், படிகம் தனக்கு உகந்த திசைக்குத் திரும்பி நிற்கும். இழையின் மேல்முனையை முறுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் படிகம் சட்டெனப் புரண்டுவிடும். அந்த முறுக்குக் கோணத்திலிருந்து இரு திசைகளின் காந்த ஏற்புத்திறனுக்கு இடையேயுள்ள வேறுபாட்டைக் கணக்கிடலாம்.

அந்துருண்டையாக நாமறிந்த நாப்தலீனில் கரிம வளையத் தளத்துக்குச் செங்குத்தான திசையில் டயாகாந்தம் மிகுதி. எனவே படிகத்தினுள் மூலக்கூறுகள் எப்படிச் சாய்ந்துள்ளன என்பதைக் காந்தத்தாலேயே கூற முடிந்தது. 1936 இல் காத்லீன் லான்சுடேலுடன் இணைந்து இது பற்றி எழுதினார். வைரமும் கிராபைட்டும் ஒரே கரிமமே. வைரத்தில் ஒவ்வோர் அணுவின் நான்கு இணைதிறன் எலக்ட்ரான்களும் பிணைப்பில் கட்டுண்டவை. கிராபைட்டில் அணுவுக்கு ஒன்று அடுக்கின் தளத்தில் உலவுகிறது. கிராபைட்டின் காந்தப் பண்பு திசைக்குத் திசை பெரிதும் வேறுபடுவதை இவ்வெலக்ட்ரான்களைக் கொண்டு 1941 இல் கங்குலியுடன் விளக்கினார்.

தனிம அட்டவணையில் இடம் மாறும்போது பண்பு எவ்வாறு மாறுகிறது என்பதையும் இவருடைய அளவீடுகள் காட்டின. மாங்கனீசு உப்புகளில் திசை வேறுபாடு ஏறத்தாழ இல்லை. இரண்டே இடம் தள்ளியுள்ள கோபால்ட்டு உப்புகளில் மிக அதிகம். மாங்கனீசு அயனியின் 3d கூடு சரிபாதி நிரம்பியிருப்பதால் எலக்ட்ரான் பரவல் எத்திசையிலும் ஒன்றுபோல் இருப்பதே காரணம். கோபால்ட்டு அயனியில் அச்சமநிலை இல்லை. அண்டை அணுக்களின் மின்புலம் அதன்மேல் நேராகச் செயல்படுகிறது. அருமண் தனிமங்களின் 4f எலக்ட்ரான்களோ வெளிக் கூடுகளின் மறைவில் உள்ளன. ஆகவே அண்டை அணுக்களின் தாக்கம் அங்கே குறைவு.

பிற்காலம்

1933 இல் கல்கத்தா திரும்பினார். 1940 இல் அரச கழக உறுப்பினரானார். 1942 இல் அலகாபாத் பல்கலைக்கழகப் பேராசிரியராகி உலோகங்களின் மின்தடையை ஆராய்ந்தார். 1947 இல் புது தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றார். நிர்வாகச் சுமைக்கிடையிலும் ஆய்வைக் கைவிடவில்லை; சூடான உலோகங்களும் கிராபைட்டும் எலக்ட்ரான்களை உமிழும் முறையை அங்கு அளந்தார். 1954 இல் பத்ம பூசண் விருதும் 1958 இல் முதலாவது சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசும் பெற்றார். 1961 சூன் மாதம் காலமானார்.