கோழிக்கு வந்த கட்டி... 55 வருஷம் கழிச்சு நோபல்! யார் இந்த பெய்ட்டன் ரௌஸ்?

வைரஸால் புற்றுநோய் வருமா? கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குத் தடுப்பூசி போடும் இந்தக் காலத்தில் இது ஒரு கேள்வியே இல்லை. ஆனா 1911-ல் இதைச் சொன்ன டாக்டரை பெரும்பாலானோர் நம்பவில்லை. அவர்தான் பெய்ட்டன் ரௌஸ்.

மாட்டுப் பண்ணையில் டாக்டர்

1879-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் பிறந்தவர். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் மருத்துவம் படித்தபோது, பிரேதப் பரிசோதனையில் விரலில் பட்ட காயம் வழியாகக் காசநோய் தொற்றியது. உடம்பு தேற, டெக்சாஸ் மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்தார். பிறகு திரும்பி வந்து 1905-ல் படிப்பை முடித்தார்.

அப்படி என்ன கண்டுபிடித்தார்?

நியூயார்க் ராக்ஃபெல்லர் ஆய்வு நிலையத்துக்கு, மார்பில் கட்டியோடு ஒரு கோழி வந்தது. ரௌஸ் அந்தக் கட்டியை அரைத்து, செல்லும் பாக்டீரியாவும் நுழைய முடியாத ஃபில்டரில் வடிகட்டினார். அந்தச் சாற்றை நல்ல கோழிக்கு ஊசியில் ஏற்றினார். அதுக்கும் கட்டி வந்தது! அப்படின்னா காரணம், பாக்டீரியாவை விடச் சின்னது. அதாவது வைரஸ்.

எலிகளில் இதே மாதிரி முயன்றும் பலிக்கவில்லை. கோழிக்கு வந்தா மனுஷனுக்கு என்ன என்று உலகம் ஒதுக்கியது. ரௌஸும் 1915 வாக்கில் அதை விட்டுவிட்டு, ரத்தத்தைக் கெடாமல் சேமிக்கும் கரைசலை உருவாக்கினார். முதல் உலகப் போரில் அது உயிர்களைக் காத்தது. 1930-களில்தான் மறுபடி புற்றுநோய் வைரஸ் பக்கம் வந்தார்.

1966-ல், 87 வயதில், நோபல் பரிசு. 1970-ல் மறைந்தார்.

வைரஸ் என்னதான் செய்யுது?

ரௌஸ் கண்ட வைரஸில் 'சார்க்' என்ற ஜீன் இருக்கிறது. அது உருவாக்கும் புரதம், செல்லின் மற்ற புரதங்கள் மேல் பாஸ்பேட்டை ஒட்டி, வளர்ச்சி சிக்னலை அணையவே விடாது.

அப்படி மாட்டும் புரதங்களில் ஒன்று 'சாம்68'. ஜீனில் இருந்து வரும் ஆர்.என்.ஏ-வில் வேண்டாத துண்டுகளை வெட்டி, மிச்சத்தை ஒட்டும் வேலைக்கு ஸ்ப்ளைசிங் என்று பெயர். சினிமா எடிட்டிங் மாதிரி. எந்தத் துண்டு இருக்கணும் என்ற முடிவில் சாம்68-க்கும் பங்கு உண்டு. அதை மாற்றினால், ஒரே ஜீனில் இருந்து வேறு புரதம் வரலாம்.

இதில் ஒரு திருப்பமும் உண்டு. சார்க், வைரஸோட சொந்த ஜீனே இல்லை. கோழி செல்லில் இருந்து வந்தது. 1976-ல் இது தெரிந்தது. ஆனால் ஜீன் மாற்றத்தால் புற்றுநோய் வரும் என்பதை ரௌஸ் கடைசிவரை ஏற்கவில்லை. உலகம் நம்ப மறுத்த அந்த மனிதர் நம்ப மறுத்த விஷயத்தை, அவர் கண்டுபிடித்த வைரஸே நிரூபித்துவிட்டது.