மாருதி எஞ்சினில் ஒரு பந்தயக் களம்: கோவை கரிவரதனின் கதை

தென்மேற்கு லண்டனின் டூட்டிங் பகுதி, பல பத்தாண்டுகளாகத் தமிழர்கள் கூடும் கடைத்தெருக்களில் ஒன்று. மளிகைக் கடைகளும் நகைக் கடைகளும் உணவகங்களும் நிறைந்த அந்த நெடுஞ்சாலையில் மாலை வேளைகளில் சில கார்கள் தனியாகக் கண்ணில் படும். சுபாரு, ஹோண்டா, நிஸான், மிட்சுபிஷி என்று அவை பெரும்பாலும் ஜப்பானியத் தயாரிப்புகள். உயரம் குறைக்கப்பட்டும், புகைக்குழாய் அகலப்படுத்தப்பட்டும், எஞ்சின் மாற்றியமைக்கப்பட்டும் இருக்கும் அவற்றின் உறுமல் அடுத்த தெரு வரை கேட்கும்.

புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களில் இந்த ஆர்வம் அடிக்கடி சச்சரவுக்குக் காரணமாகிறது. பணவிரயம், உயிராபத்து, காவல்துறையின் கவனம் என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். இது ஒரு தொழில்நுட்பத் திறமை என்று பிள்ளைகள் கருதுகிறார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் அடக்கமான ஒரு ஜப்பானிய எஞ்சினை எடுத்து, அதை வேறொன்றாக மாற்றி, ஒரு விளையாட்டுத் துறைக்கே அடித்தளம் இட்ட தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் இருந்தார் என்பது இரு தரப்பிலும் பலர் அறியாத செய்தி. அவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த எஸ். கரிவரதன். இந்திய மோட்டார் பந்தய வட்டாரங்களில் சுருக்கமாகக் கரி.

பட்டறைகளின் நகரம்

கரிவரதன் 1954-ஆம் ஆண்டு பிறந்தார். லட்சுமி மில்ஸ் நிறுவனத்தை நடத்திவந்த கோவைத் தொழிலதிபர் குடும்பம் அவருடையது. வசதிக்குக் குறைவில்லாத பிறப்பு என்றாலும், அவரை உருவாக்கியதில் குடும்பச் செல்வத்துக்கு இருந்த பங்கு அந்த நகரத்துக்கும் இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கோவைக்குப் பஞ்சாலைகள் வந்தன. 1930-களில் பைக்காரா நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது. ஆலை இயந்திரங்கள் பழுதானால் உதிரிபாகம் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து சேர மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே அவற்றை உள்ளூரிலேயே வார்த்தும் கடைந்தும் எடுக்கக் கோவை கற்றுக்கொண்டது. வார்ப்படச் சாலைகளும் லேத் பட்டறைகளும் பம்ப்செட், மின்மோட்டார் தொழில்களும் அப்படி வளர்ந்தவையே. ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து வியந்து, பின்னர் அதேபோன்ற ஒன்றை விலைக்கு வாங்கிப் பிரித்துப் போட்டுப் பாடம் படித்த ஜி.டி. நாயுடு இந்த மரபின் மிகப் புகழ்பெற்ற பிரதிநிதி. அவர் 1974-ஆம் ஆண்டு காலமானபோது கரிவரதன் இளைஞர்.

சோழவரத்தின் ஓடுபாதை

அந்தக் காலகட்டத்தில் தமிழ்நாட்டில் மோட்டார் பந்தயம் என்றால் அது சோழவரம்தான். சென்னைக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க் கால விமான ஓடுபாதை ஒன்று கைவிடப்பட்டுக் கிடந்தது. 1953-இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அந்த ஓடுபாதையில் பந்தயங்களை நடத்திவந்தது. வெளிமாநிலங்களிலிருந்தும் போட்டியாளர்கள் வந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் வெயிலில் நின்று பார்த்தார்கள்.

ஆனால் அந்தக் களம் சமமானதாக இருக்கவில்லை. இந்தியாவில் இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் சுங்க வரியும் கடுமையாக இருந்த காலம் அது. பெருஞ்செல்வர்கள் வெளிநாட்டிலிருந்து பந்தயக் கார்களையே வரவழைத்தார்கள். தொழிலதிபர் விஜய் மல்லையா 1980-களில் சோழவரத்தில் ஓட்டியது, முன்னர் ஃபார்முலா 1 பந்தயங்களில் ஓடிய என்சைன் காரை. மற்றவர்களுக்குக் கிடைத்தவை அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற வீட்டுக் கார்கள். அவற்றின் சிலிண்டர் ஹெட்டைச் சீவி அழுத்தத்தைக் கூட்டுவது, கேம்ஷாஃப்டைத் திருத்தி வால்வுகள் திறந்திருக்கும் நேரத்தை நீட்டுவது, கார்புரேட்டரை மாற்றுவது, இருக்கைகளையும் கதவு உள்ளுறைகளையும் கழற்றி எடையைக் குறைப்பது என்று மெக்கானிக்குகள் தங்கள் கைவரிசையைக் காட்டினார்கள். டூட்டிங் இளைஞர்கள் இன்று மடிக்கணினியைக் காரில் இணைத்துச் செய்யும் வேலையை, அவர்கள் அரத்தாலும் ஸ்பேனராலும் காதாலும் செய்தார்கள்.

கரிவரதன் இந்தக் களத்தில் ஓட்டுநராகவும் கார்களை மாற்றியமைப்பவராகவும் பெயர் பெற்றார். வேகமான கார் யாரிடம் இருக்கிறதோ அவரே வெல்கிறார் என்பதை அங்கே எவரும் காண முடிந்தது. ஓட்டத் தெரிந்தும் பணமில்லாதவர் வேலிக்கு வெளியேதான் நிற்க வேண்டியிருந்தது.

மூன்று சிலிண்டர்கள்

1983-ஆம் ஆண்டு டிசம்பரில் மாருதி 800 கார் இந்தியச் சந்தைக்கு வந்தது. ஜப்பானின் சுசூகி நிறுவனத்தின் தொழில்நுட்பத்தில் உருவான அதன் எஞ்சின் 796 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் கொண்டது. சுமார் 40 குதிரைத்திறனுக்கு மேல் தராத இந்தச் சிறு எஞ்சினைப் பந்தயத்தோடு சேர்த்து எண்ணிப் பார்க்கச் சாதாரணமாக எவருக்கும் தோன்றாது.

கரிவரதனுக்குத் தோன்றியது. அந்த எஞ்சின் எடை குறைந்தது, எளிதில் பழுதாகாதது, பழுதானாலும் உதிரிபாகம் நாடெங்கும் கிடைத்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, அது மலிவானது. இரும்புக் குழாய்ச் சட்டகத்தில் அந்த எஞ்சினைப் பொருத்தி, மேலே இலேசான உடற்கூடு அமைத்து, ஒருவர் மட்டுமே அமரக்கூடிய, சக்கரங்கள் வெளியே தெரியும் பந்தயக் காரை அவர் கோவையில் வடிவமைத்தார். 1988-இல் அறிமுகமான அந்தக் கார் வகைக்கு ஃபார்முலா மாருதி என்று பெயர்.

எஞ்சினின் திறனைக் கூட்டுவதை விட அது சுமக்கும் எடையைக் குறைப்பது மலிவு. எடை குறைந்தால் கார் விரைவில் வேகம் பிடிக்கும், தாமதமின்றி நிற்கும், வளைவுகளில் சாலையை விட்டு விலகாது. டயரும் பிரேக்கும் மெதுவாகத் தேயும். மோட்டார் பொறியியலின் இந்த அடிப்படைப் பாடத்தைத்தான் ஃபார்முலா மாருதி பயன்படுத்திக்கொண்டது.

எனினும் கரிவரதனின் உண்மையான கண்டுபிடிப்பு காரில் இல்லை, அது களமிறங்கிய முறையில் இருந்தது எனலாம். ஒரே வடிவம், ஒரே எஞ்சின் கொண்ட கார்கள் மோதும்போது தீர்மானிப்பது ஓட்டுநரின் திறமைதான். பணம் கொடுத்து வேகம் வாங்கும் வழி அடைபடுகிறது. சோழவரத்தில் வேலிக்கு வெளியே நின்றவர்களை உள்ளே அழைக்கும் ஏற்பாடு அது.

லண்டன் கண்ட முன்னுதாரணம்

இப்படியொரு திருப்பத்தை பிரிட்டன் ஏற்கனவே கண்டிருந்தது. இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் ஆஸ்டின் 7 என்ற மலிவுக் கார் அங்கே பெருமளவில் விற்பனையானது. பழைய ஆஸ்டின்களைப் பிரித்துப் பந்தயக் கார்களாக்கும் ஆர்வலர்கள் 1939-இல் 750 மோட்டார் கிளப்பைத் தொடங்கினார்கள். காலின் சாப்மன் என்ற இளைஞர் 1948-இல் வடக்கு லண்டனில் ஒரு சிறிய கொட்டகையில் மாற்றியமைத்த ஆஸ்டின் 7-தான் லோட்டஸ் நிறுவனத்தின் முதல் கார். பின்னாளில் லோட்டஸ் ஃபார்முலா 1 பந்தயங்களில் உலகப் பட்டங்களை வென்றது. இன்று ஃபார்முலா 1 அணிகளில் பெரும்பாலானவை பிரிட்டனில் தளம் அமைத்திருப்பதற்கு, அந்த மலிவுக் கார் மரபும் ஒரு காரணம்.

ஆஸ்டின் 7 பிரிட்டனுக்கு எப்படியோ, மாருதி 800 இந்தியாவுக்கு அப்படி ஆகக்கூடும் என்பதைக் கரிவரதனின் கார் காட்டியது. 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் முறையான பந்தயத் தடம் திறக்கப்பட்டது. சோழவரத்தின் காலம் முடிந்தது. ஃபார்முலா மாருதிக்கு நிலையான வீடு கிடைத்தது.

பாதியில் நின்ற பயணம்

கார்களைப் போலவே வானூர்திகளிலும் கரிவரதனுக்குத் தீராத ஈடுபாடு இருந்தது. அதுவே அவரது முடிவாகவும் அமைந்தது. 1995-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் நிகழ்ந்த விமான விபத்தொன்றில் அவர் உயிரிழந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பதைச் சற்றே கடந்திருந்தது.

தன் கார்கள் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அவர் பார்க்கவில்லை. கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் 1990-களின் தொடக்கத்தில் தன் முதல் பந்தயத்தை ஓட்டியது ஃபார்முலா மாருதியில்தான். பின்னர் பிரிட்டனில் ஃபார்முலா ஃபோர்டு, ஃபார்முலா 3 பந்தயங்களில் ஓடிய அவர், 2005-இல் ஜோர்டான் அணியின் சார்பில் ஃபார்முலா 1 பந்தயத்தில் பங்கேற்ற முதல் இந்தியரானார். அந்த ஜோர்டான் காரில் இருந்தது ஜப்பானின் டொயோட்டா எஞ்சின். 2010-இல் அந்த நிலையை எட்டிய இரண்டாவது இந்தியரான சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக்கும் ஃபார்முலா மாருதியில் தொடங்கியவரே. நரேன் பிற்காலத்தில் ஜப்பானிலேயே பந்தயங்களில் பங்கேற்று, 2019-இல் ஃபூஜி தடத்தில் ஹோண்டா என்எஸ்எக்ஸ் காரில் வெற்றி பெற்றார். சுசூகி எஞ்சினில் தொடங்கிய ஒரு கோவை இளைஞரின் பாதை ஜப்பானையே சென்றடைந்தது.

கோவை அருகே செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட பந்தயத் தடத்துக்குக் கரி மோட்டார் ஸ்பீட்வே என்று அவரது பெயரே சூட்டப்பட்டது. மாருதி 800 காரின் உற்பத்தி 2014-இல் நிறுத்தப்பட்டுவிட்டது.

எட்டியதும் எட்டாததும்

கரிவரதனின் வாழ்வை வெற்றிக் கதையாக மட்டும் சொல்வது முழு உண்மையாகாது. ஃபார்முலா 1 வரை சென்ற இருவருமே மோட்டார் பந்தயத்தோடு ஏற்கனவே தொடர்புள்ள குடும்பங்களில் பிறந்தவர்கள். நரேனின் தந்தை கார் ராலிகளில் புகழ் பெற்றவர். கருணின் பாட்டனார் மெட்ராஸ் கிளப்பை நிறுவியவர்களில் ஒருவர். மலிவான கார் முதல் படியை எளிதாக்கியது. அடுத்தடுத்த படிகளின் செலவை அது குறைக்கவில்லை. ஓர் ஆலைத் தொழிலாளியின் மகனோ மகளோ உலகத் தடங்களை எட்டுவது இன்றும் அரிதே. அந்த வேலையை முடிக்க அவருக்கு ஆயுள் வாய்க்கவில்லை. அவருக்குப் பின்னும் எவரும் முடிக்கவில்லை.

இருப்பினும் டூட்டிங் வீடுகளில் நடக்கும் விவாதத்துக்கு அவரது வாழ்வில் ஒரு பதில் இருக்கிறது. எஞ்சினைப் பிரித்து மாற்றும் ஆசையை அவர் பழிக்கவில்லை. அதற்குரிய இடம் எது என்பதை மாற்றினார். பிரிட்டனில் மாற்றியமைத்த காரை காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காமல் ஓட்டினால், விபத்து நேரும்போது இழப்பீடு மறுக்கப்படலாம். வினையூக்கி வடிகட்டியைக் கழற்றிய கார் வருடாந்தரச் சோதனையில் தேறாது. பொதுச் சாலையில் காட்டும் வேகத்துக்கு விலை கொடுப்பவர் பெரும்பாலும் வழியோடு போகும் வேறொருவராகவும் இருக்கிறார். ஆனால் டூட்டிங்கிலிருந்து சில மணி நேரப் பயணத்துக்குள் பிரான்ட்ஸ் ஹாட்ச், சில்வர்ஸ்டோன் போன்ற தடங்கள் உள்ளன. தன் சொந்தக் காரைப் பொதுமக்களும் அங்கே கட்டணம் செலுத்தி ஓட்டிப் பார்க்கும் நாட்கள் உண்டு.

பிள்ளை ஸ்பேனரைத் தொடக்கூடாது என்று தடுத்த வீட்டிலிருந்தோ, சாலையே பந்தயத் தடம் என்று நம்பிய இளைஞரிடமிருந்தோ ஃபார்முலா மாருதி பிறந்திருக்காது. நாற்பது குதிரைத்திறன் எஞ்சினைக் கையில் வைத்துக்கொண்டு, இதை இன்னும் எத்தனை பேர் ஓட்ட முடியும் என்று கணக்கிட்ட ஒருவரிடமிருந்து அது பிறந்தது.