மண்ணால் கூரை வேய்ந்த ஹஸன் பத்ஹி

எகிப்து என்றதும் கற்களால் ஆன பிரமிட்டுகளே நம் மனக்கண்ணில் தோன்றும். அதே நாட்டில், லக்ஸர் நகருக்கு எதிரே நைல் நதியின் மேற்குக் கரையில், மன்னன் இரண்டாம் ராம்ஸேஸ் எழுப்பிய கோயிலுக்குப் பின்னால் பழைய தானியக் களஞ்சியங்கள் இருக்கின்றன. அவை சுடாத களிமண் கற்களால் கட்டப்பட்டவை. சுவர் மட்டுமல்ல, கூரையும் களிமண் கல்தான். மூவாயிரம் ஆண்டுகள் கடந்த பின்னும் அந்த வளைகூரைகளிற் சில விழாமல் நிற்கின்றன. மன்னர்களின் கல்லறைகளைப் பார்க்க வந்தவர்கள் பெரும்பாலும் கவனியாமற் சென்ற இக்களஞ்சியங்களில், ஏழைகளுக்கு வீடு அமைக்கும் வழி இருப்பதைக் கண்டவர் கட்டடக் கலைஞர் ஹஸன் பத்ஹி.

1900ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் திகதி அலெக்ஸாந்திரியாவில், நிலபுலம் மிக்க குடும்பத்தில் அவர் பிறந்தார். தந்தைக்குக் கிராமம் என்றால் ஈயும் அழுக்குத் தண்ணீரும் நோயும்தான். தாயோ சிறு வயதிற் கிராமத்தில் வாழ்ந்தவர்; அங்கு கழித்த நாட்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லி ஏங்குவார். தாயின் கதைகளே மகன் மனதில் ஊறின. விவசாயம் கற்க விரும்பினார். நுழைவுப் பரீட்சையிற் சித்தியடையவில்லை. ஆகவே கட்டடக் கலை பயின்று 1926இல் பட்டம் பெற்றார். தம் குடும்பத்துக்குச் சொந்தமான பண்ணையை அவர் முதன்முதலாகப் பார்த்தபோது வயது இருபத்தேழு. தாய் சொன்ன பூங்காவனத்தை அங்கு அவர் காணவில்லை. உழைப்பவர்கள் குனிந்து நுழையும் இருண்ட குடிசைகளையே கண்டார்.

அந்தக் குடிசைகளும் மண்ணால் ஆனவைதான். அப்படியானால் குறை மண்ணில் இல்லை, கட்டும் முறையில்தான் என்று அவர் எண்ணினார். காலடியில் கிடக்கும் மண்ணுக்கு விலையில்லை. தடித்த மண்சுவர் பகல் வெயிலை உடனே உள்ளே விடாது. ஆனால் கூரைக்கு மரம் வேண்டும். எகிப்திலோ மரம் அரிது. இரண்டாம் உலகப் போர் மூண்டதும் இறக்குமதி மரமும் இரும்பும் கிடைப்பது இன்னும் கடினமாயிற்று. மண் கல்லாலேயே வளைகூரை அமைக்க முயன்றார். மரத் தாங்கி இல்லாமல் எழுப்பிய கூரைகள் இடிந்து விழுந்தன.

அஸ்வானில் பணிபுரிந்த அவருடைய சகோதரர்தான், அங்குள்ள நூபியர் மரத்தின் உதவியே இல்லாமல் இத்தகைய கூரைகளைக் கட்டுகிறார்கள் என்ற செய்தியைச் சொன்னார். 1941இல் பத்ஹி அங்கு சென்று நேரிற் கண்டார். அறையின் பின்சுவரை மேசன்மார் உயர்த்திக் கட்டுவார்கள். அச்சுவரில் ஈர மண்ணைப் பூசி வளைவின் வடிவத்தைக் கண்ணளவிலேயே வரைவார்கள். வைக்கோல் கூடுதலாகக் கலந்த மெல்லிய கற்களை, பின்சுவரில் சாய்ந்து நிற்குமாறு சரித்து ஒட்டுவார்கள். கல் காயுமுன் விரல்களால் இழுத்த கோடுகள் சாந்தைப் பற்றிக்கொள்ள உதவும். முதல் வளைவின் மேல் அடுத்தது சாயும், அதன் மேல் இன்னொன்று. தாங்கி தேவைப்படாது. பொறியியல் நூல்களில் அவர் தேடிய விடை எழுதப் படிக்கத் தெரியாத கைகளில் இருந்தது. பட்டம் பெற்ற ஒருவர் மேசன்மாரிடம் மாணவராக நின்றது அவருடைய வாழ்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி.

1945இல் தொல்பொருள் திணைக்களம் அவரை அழைத்தது. குர்னா என்ற ஊர் மக்கள் பண்டைய கல்லறைகளின் மேலேயே குடியிருந்தார்கள். அவர்களிற் பலருக்குக் கல்லறைப் பொருட்களே வருமானம். சுமார் 7,000 பேரை அங்கிருந்து எழுப்பிப் புதிய ஊரில் குடியமர்த்த அரசு தீர்மானித்தது. அந்தப் புதிய குர்னாவை அமைக்கும் பொறுப்பு பத்ஹியிடம் வந்தது.

அவர் ஒரே வீட்டை நூற்றுக்கணக்கில் நகல் எடுக்கவில்லை. குவிமாடம் கவிந்த ஒரு சதுர அறை, அதனோடு ஒட்டிய வளைகூரை மாடம், திறந்த முற்றம் ஆகிய சில உறுப்புகளையே எழுத்துக்களைப் போல வைத்துக்கொண்டார். குடும்பத்தின் அளவுக்கும் தொழிலுக்கும் ஏற்ப அவற்றை வெவ்வேறாகக் கோத்தார். கால்நடைக்கும் வைக்கோலுக்கும் வீட்டினுள்ளேயே இடம் வைத்தார். படுக்கும் திண்ணையைச் சுற்றித் தேள் ஏறாதபடி சிறு கால்வாய் அமைத்தார். ஆஸ்திரிய மலைநாட்டு அடுப்பின் முறையைக் களிமண்ணில் செய்து, குறைந்த விறகில் குளிர்கால அறையைச் சூடாக்க வழி கண்டார். பள்ளிவாசல், சந்தை, கைத்தொழில் கற்பிக்கும் இடம், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பாடசாலைகள் என்பனவும் திட்டத்தில் இருந்தன.

தண்ணீரைப் பற்றியும் அவர் நெடுநேரம் யோசித்தார். வீட்டுக்கு வீடு குழாய் வந்தால், கிணற்றடிக்குப் போகும் பெண்களுக்கு வெளியே ஒருவரையொருவர் காணும் வாய்ப்பு இல்லாது போகும் என்பது அவருடைய கவலை. அன்பான கவலைதான். ஆனால் தலையில் குடம் சுமப்பவளிடம் கேட்டிருந்தால் அவள் வேறு விதமாகச் சொல்லியிருக்கலாம். அவரோ ஊர்ப் பெரியவர்களான ஆண்களிடமே பேசினார். பெண்களிடம் நேரிற் கேட்க ஊர் வழக்கம் இடம் தரவில்லை. அதற்குப் பெண் ஊழியர்கள் தேவை என்பதை அவரும் உணர்ந்திருந்தார். பகல் முழுதும் வீட்டில் வாழ்ந்து, சமைத்து, நெய்து, பிள்ளை வளர்ப்பவர்களின் சொல் அந்த வரைபடத்தில் முழுதாக ஏறவில்லை.

குர்னா மக்கள் வர மறுத்தார்கள். பிழைப்பை விட்டு வருவதற்கு யார்தான் சம்மதிப்பார்? அவர்களுக்குக் குவிமாடம் வீட்டுக்கு உரியதாகவும் தோன்றவில்லை. அது கபுறுகளுக்கு மேல் கட்டப்படுவதையே அவர்கள் கண்டிருந்தார்கள். ஒரு தடவை அணைக்கட்டை உடைத்துப் புதிய ஊருக்குள் வெள்ளத்தையே பாயவிட்டார்கள். அலுவலகங்களில் கடதாசிகள் நகரவில்லை. சில ஆண்டுகளில் வேலை நின்றது; திட்டத்தின் ஒரு சிறு பகுதியே எழுந்திருந்தது.

மனம் நொந்த அவர் 1957இல் ஏதென்ஸ் சென்று சில ஆண்டுகள் பணியாற்றித் திரும்பினார். கார்கா பாலைவனச் சோலையில் தொடங்கிய பாரிஸ் என்ற ஊரை 1967ஆம் ஆண்டுப் போர் நிறுத்தியது. குர்னாவின் கதையை அவர் நூலாக எழுதினார். அது 1969இல் கெய்ரோவிலும் 1973இல் சிக்காகோவிலும் வெளியாயிற்று. தம் நாட்டில் கேட்கப்படாதவரை உலகம் படித்தது. 1980இல் ஆகா கான் விருதுக் குழு அவரைச் சிறப்பாகக் கௌரவித்தது. எண்பது வயதில், நூபிய மேசன்மாரோடு அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவுக்குச் சென்று, அங்குள்ள முஸ்லிம்களுக்கு மண் பள்ளிவாசல் ஒன்றைக் கட்டிக் கொடுத்தார்.

கெய்ரோவின் பழைய வீடொன்றில், பூனைகளும் வரைபடங்களும் சூழ வாழ்ந்த ஹஸன் பத்ஹி 1989 நவம்பர் 30ஆம் திகதி வபாத்தானார். புதிய குர்னாவில் நிலத்தடி உப்பு ஏறிப் பல வீடுகள் சிதைந்துவிட்டன. சிலவற்றைக் குடியிருந்தோரே இடித்துக் கொங்கிரீட்டில் கட்டிக்கொண்டார்கள். எஞ்சிய பொதுக் கட்டடங்களைக் காக்க யுனெஸ்கோ முன்வந்தது. பள்ளிவாசல் அப்படியே நிற்கிறது. அந்த மண் குவிமாடத்தின் கீழ் ஊரார் இன்றும் தொழுகிறார்கள்.