இளமைக்காக குரங்குச் சுரப்பி... கோடீஸ்வரர்களை வரிசையில் நிறுத்திய டாக்டர்! யார் இந்த வொரோனாஃப்?

போன இளமை திரும்ப வரும்னு சொன்னா, இன்னைக்கும் நாலு பேர் வரிசையில் நிற்பார்கள். 1920-களின் பாரிஸில் அப்படி நின்றவர்கள் பெரும் பணக்காரர்கள். அவர்கள் தேடிப்போன டாக்டர் செர்ஜ் வொரோனாஃப். அவர் மாத்திரை, ஊசி எதுவும் கொடுக்கவில்லை. குரங்கின் விரையை வெட்டி மனிதனுக்குள் வைத்தார்!

1866-ல் ரஷ்யாவில் பிறந்த வொரோனாஃப், 18 வயதில் பிரான்ஸ் வந்து மருத்துவம் படித்தார். பிறகு எகிப்தில் 14 ஆண்டுகள் வேலை. விரை நீக்கப்பட்ட ஆண்கள் சீக்கிரமே தளர்ந்துபோவதை அங்கே கவனித்தார். அப்படின்னா இளமையின் சாவி அந்தச் சுரப்பியில்தான் இருக்கணும் என்று முடிவுகட்டினார். ஆனால் தானம் கொடுக்க மனிதர்கள் கிடைப்பார்களா? நமக்கு நெருங்கிய சொந்தமான சிம்பன்சி, பபூன் பக்கம் திரும்பினார்.

1920 ஜூன் 12. குரங்கு விரையின் மெல்லிய துண்டுகளை முதல்முறையாக ஒரு மனிதரின் விதைப்பைக்குள் வைத்துத் தைத்தார். 1923-ல் லண்டனில் கூடிய 700-க்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சை நிபுணர்கள் அவரைப் பாராட்டினார்கள். குரங்குக்கு டிமாண்ட் எகிற, இத்தாலி எல்லையில் ஒரு மாளிகை வாங்கி பண்ணையே வைத்துவிட்டார். 1930-களின் தொடக்கத்துக்குள் பிரான்ஸில் மட்டும் சுமார் 500 பேருக்கு இந்த ஆபரேஷன். பாரிஸ் பாரில் ஒரு காக்டெயிலுக்கே 'மங்கி கிளாண்ட்' என்று பெயர் வைத்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளே நடந்தது என்ன?

துண்டு உள்ளே போனதுமே நோய் எதிர்ப்பு மண்டலம் விழித்துக்கொள்ளும். ஒவ்வொரு செல்லின் மேலும் அடையாள அட்டை மாதிரி புரதங்கள் உண்டு. அடுத்த மனிதனின் அட்டையையே ஏற்காத உடல், குரங்கின் அட்டையை விட்டுவைக்குமா? வெள்ளை அணுக்கள் சூழ்ந்து தாக்கும். திசு செத்து, அந்த இடத்தில் தழும்பு மிஞ்சும். தடவிப் பார்த்தால் கட்டியாகத் தட்டுப்படும். சுரப்பி உயிரோடுதான் இருக்குன்னு நம்ப அதுவே போதுமே! தெம்பு வந்ததாகச் சொன்னவர்களுக்கு வேலை செய்தது பெரும்பாலும் நம்பிக்கைதான்.

அவரை வெறும் ஏமாற்றுக்காரர் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. செய்ததை மறைக்காமல் நிபுணர்கள் முன்னால் வைத்தவர் அவர். உடல் ஏன் மறுக்கிறது என்பதற்கு அன்று யாரிடமும் முழு விடை இல்லை. ஆனால் 1920-களின் கடைசியில், மொராக்கோவில் செம்மறிக் கடாக்களில் இதே முறையைச் சோதித்த ஒரு கால்நடை மருத்துவர், மிஞ்சுவது தழும்பு மட்டும்தான் என்று காட்டியபோதும் வொரோனாஃப் கேட்கவில்லை. அங்கேதான் சறுக்கினார். 1935-ல் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனே தனியாகப் பிரித்தெடுக்கப்பட்டது. அதைக் கொடுத்தும் யாரும் கிழப்பருவத்தைத் தாண்டவில்லை.

அடுத்த பத்தாண்டில், போரில் தீக்காயம் பட்டவர்களுக்குத் தோல் ஒட்டும் வழியைத் தேடிய பிரிட்டன் விஞ்ஞானி பீட்டர் மெடாவர் மர்மத்தை உடைத்தார். ஒரே ஆளின் தோலை இரண்டாம் முறை ஒட்டினால் உடல் இன்னும் வேகமாக அழிக்கிறது. அதாவது, எதிரியை ஞாபகம் வைத்துக்கொள்கிறது. மறுப்பது எதிர்ப்பு மண்டலம்தான் என்பது அதில் உறுதியானது. மெடாவருக்கு 1960-ல் நோபல் பரிசு கிடைத்தது.

அதைப் பார்க்க வொரோனாஃப் இல்லை. 1951-ல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் அவர் இறந்தபோது வயது 85. ஒருகாலத்தில் கைதட்டிய மருத்துவ உலகம் அவரை எப்போதோ கைகழுவியிருந்தது.