கர்தினால் நியூமன்

1801-இல் லண்டனில் பிறந்து, ஆக்ஸ்போர்டில் ஆங்கிலிக்கன் குருவாகப் புகழ் பெற்றவர் ஜான் ஹென்றி நியூமன். வேதாகமம் மட்டும் போதுமா, அப்போஸ்தலர் வழிவந்த பாரம்பரியமும் வேண்டுமா என்ற கேள்வி அவரை ஆண்டுக்கணக்கில் அலைக்கழித்தது. ஆதித் திருச்சபைத் தந்தையரைத் துருவித் துருவிக் கற்றார். பாரம்பரியம் உயிருள்ள உடலைப்போல், தன் இயல்பு மாறாமலே வளர்கிறது என்ற முடிவுக்கு வந்தார். மெய்யான வளர்ச்சியையும் சீர்கேட்டையும் பிரித்தறிய ஏழு சோதனைகள் வகுத்தார். விஞ்ஞானம் பயிலும் என்னைக் கவர்ந்தது இதுதான். அந்நூல் முற்றுப் பெறுமுன்பே, 1845 அக்டோபர் 9-இல், கத்தோலிக்கரானார். கல்லூரிப் பதவி போயிற்று. நெருங்கிய நண்பர் பலரும் விலகினர்.

புகுந்த வீட்டிலும் நிம்மதியில்லை. நான்காம் நூற்றாண்டின் ஆரியக் குழப்பத்தில் மேற்றிராணிமார் பலர் தடுமாற, விசுவாசத்தைக் காத்தவர்கள் சாதாரண மக்களே என்று 1859-இல் எழுதினார். (ஆரியுஸ் என்ற குருவின் கொள்கையைச் சொல்கிறேன்; நம் மேடைகளில் முழங்கும் ஆரியம் அன்று!) ரோமாபுரி அவரைச் சந்தேகித்தது. 1879-இல் 13-ஆம் லியோ பாப்பரசர் - நம் கத்தோலிக்கர் வழக்கில் சிங்கராயர் - அவரைக் கர்தினாலாக்கிய பிறகே அந்தக் களங்கம் நீங்கிற்று. அப்போது அவருக்கு வயது 78.