ஸ்டாப்வாட்ச் டெய்லர் தெரியும்... ஸ்டீல் டெய்லர் தெரியுமா?

இரும்பில் ஓட்டை போட ஹார்டுவேர் கடையில் டிரில் பிட் வாங்கியிருக்கிறீர்களா? அதன் தண்டில் பெரும்பாலும் ‘ஹெச்எஸ்எஸ்’ என்று பொறித்திருக்கும். ஹை ஸ்பீடு ஸ்டீல் என்பதன் சுருக்கம் அது.

அந்த மூன்று எழுத்துக்குப் பின்னால் இருப்பவரை எம்பிஏ படித்தவர்களுக்கு வேறு காரணத்துக்காகத் தெரியும். ஃபிரெடரிக் வின்ஸ்லோ டெய்லர். தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தவர். இன்றைய டைம்ஷீட், டார்கெட் எல்லாவற்றுக்கும் ஒருவகையில் தாத்தா. ஆனால் அவர் எஃகுக்குச் செய்தது, அதைவிடக் குறைவாகப் பேசப்படும் கதை.

ஹார்வர்டை விட்டு பட்டறைக்கு...

1856 மார்ச் 20, அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா. வசதியான வழக்கறிஞர் குடும்பத்தில் பிறந்தார் டெய்லர். ஹார்வர்டு நுழைவுத் தேர்வில் பாஸ் ஆகியும் போகவில்லை. கண் பார்வைப் பிரச்சினை. அதற்குப் பதில் ஒரு பம்ப் கம்பெனியில் அப்ரெண்டிஸாகச் சேர்ந்தார்.

1878இல் மிட்வேல் ஸ்டீல் ஆலையில் சாதாரணத் தொழிலாளி. ஆறே ஆண்டுகளில் தலைமைப் பொறியாளர். நடுவில், வேலை பார்த்துக்கொண்டே 1883இல் இன்ஜினீயரிங் பட்டமும் வாங்கிவிட்டார். 1881இல் அமெரிக்க தேசிய டென்னிஸ் இரட்டையர் பட்டம் வேறு! சும்மா இருக்கத் தெரியாத ஆள்.

மிட்வேலில் அவரைக் குடைந்த கேள்வி ஒன்றுதான்: லேத்தில் இரும்பை இன்னும் வேகமாக வெட்ட முடியாதா? இதற்காக அவர் தொடங்கிய சோதனைகள் 26 ஆண்டுகள் ஓடின. பதிவான சோதனைகள் மட்டும் 30,000 முதல் 50,000 வரை. சீவித் தள்ளிய இரும்பும் எஃகும் 3.6 லட்சம் கிலோவுக்கு மேல்.

எஃகைச் சுட்டால் என்ன ஆகும்?

கொஞ்சம் அடிப்படை பார்த்துவிடலாம். எஃகைச் சிவக்கக் காய்ச்சினால் அதன் உள் அமைப்பு மாறி, கார்பன் அதில் கரையும். உடனே தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்தால், கார்பன் வெளியேற நேரமில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். எஃகு கெட்டியாகிவிடும். ஆனால் கண்ணாடி மாதிரி, தட்டினால் உடையும்.

அதனால் இரண்டாவது முறை, இளஞ்சூட்டில் காய்ச்சுவார்கள். இதுதான் டெம்பரிங். கெட்டித்தன்மை கொஞ்சம் குறையும். பதிலுக்கு அடி தாங்கும் உறுதி வரும். அரிவாள் அடிக்கும் கொல்லருக்கு இது தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த விஷயம்.

சிக்கல் லேத்தில்தான். வேகமாக வெட்ட வெட்ட, உராய்வில் டூலின் முனை சூடாகும். அந்தச் சூடே மறுபடி டெம்பரிங் செய்துவிடும். முனை மழுங்கிப் போகும். 1868இல் இங்கிலாந்தின் ராபர்ட் முஷெட், டங்ஸ்டன் கலந்த எஃகால் நிலைமையைக் கொஞ்சம் மேம்படுத்தினார். ஆனாலும் வேகத்துக்கு ஒரு எல்லை இருந்தது.

சொதப்பிய டெமோ

1898. டெய்லர் இப்போது பெத்லஹேம் ஸ்டீல் நிறுவனத்தில். சோதித்துத் தேர்ந்தெடுத்த ஒரு டூல் ஸ்டீலை ஃபோர்மேன்களுக்கு முன்னால் ஓட்டிக் காட்டினார். படு சொதப்பல். மற்ற டூல்களைவிட மோசமாக வெட்டியது.

பட்டறையில் அதிகமாகச் சுட்டுக் கெடுத்துவிட்டார்கள் என்று சந்தேகம். செர்ரிப் பழச் சிவப்பைத் தாண்டினால் டூல் வீண் என்பது அன்று எல்லோரும் நம்பிய விதி. சரி, எவ்வளவு சூட்டில் எவ்வளவு கெடுகிறது என்று பார்த்துவிடலாம் என, சக ஊழியரான உலோகவியலாளர் மான்செல் வைட்டுடன் இறங்கினார்.

சூட்டைப் படிப்படியாக ஏற்றினார்கள். எதிர்பார்த்தபடியே டூல் கெட்டது. அங்கேயே நிறுத்தியிருந்தால் கதை முடிந்திருக்கும். அவர்கள் நிறுத்தவில்லை. சுமார் 930 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் டூல் மறுபடி மேம்படத் தொடங்கியது. கிட்டத்தட்ட உருகும் நிலைவரை, 1,200 டிகிரிக்கு மேல் காய்ச்சியதுதான் எல்லாவற்றிலும் பெஸ்ட்!

காரணம் என்ன? டங்ஸ்டன், குரோமியம் ஆகியவற்றின் கார்பைடுகள் சாதாரணச் சூட்டில் கரையாது. உருகும் விளிம்புவரை போனால்தான் கரையும். பிறகு ஆறவைத்து, மறுபடி 600 டிகிரிக்கு அருகே காய்ச்சினால், அவை மிக நுண்ணிய துகள்களாக எஃகு முழுக்கப் படியும். சாதாரண எஃகை மென்மையாக்கும் அதே சூடு, இதைக் கெட்டியாக்கும். டூல் முனை சிவந்தாலும் வெட்டிக்கொண்டே இருக்கும்.

பாரிஸில் மாஸ்

1900 பாரிஸ் கண்காட்சியில் இதை ஓட்டிக் காட்டினார்கள். முனை செக்கச் செவேலென்று இருக்க, சீவல்கள் நீலநிறமாகி விழுந்தன. ஐரோப்பிய இன்ஜினீயர்கள் அசந்துபோனார்கள். பழைய வேகத்தைவிட இரண்டு, மூன்று மடங்கு வேகத்தில் வெட்ட முடிந்தது. உலகம் முழுக்க லேத் இயந்திரங்களையே வலுவாக மாற்றி வடிவமைக்க வேண்டியதாயிற்று.

1901இல் காப்புரிமை கிடைத்தது. அதே ஆண்டு பெத்லஹேம் நிர்வாகத்துடன் மோதல் முற்றி டெய்லர் வெளியேற்றப்பட்டார். 1909இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று அந்தக் காப்புரிமையும் செல்லாது என்று சொல்லிவிட்டது.

கொல்லரின் கண் எங்கே போனது?

இந்தக் கதையில் இன்னொரு பக்கம் உண்டு. அதுவரை சூட்டை அளந்தது கொல்லரின் கண். ஆனால் ஒருவர் சொல்லும் செர்ரிச் சிவப்பு, இன்னொருவருக்கு வேறு சிவப்பு. எந்த நிறம் எத்தனை டிகிரி என்று டெய்லரும் வைட்டும் பட்டியலே போட்டு வெளியிட்டார்கள். தரம் சீரானது. கூடவே, வேலை தெரிந்தவரின் கையிலிருந்த அறிவு ஆபீஸ் பேப்பருக்கு இடம் மாறியது.

மனிதர்கள் விஷயத்திலும் டெய்லர் இதையே செய்தார். யோசிப்பது நிர்வாகத்தின் வேலை, செய்வது தொழிலாளியின் வேலை என்று பிரித்தார். 1911இல் அவருடைய புகழ்பெற்ற நிர்வாகவியல் புத்தகம் வந்தது. அதே ஆண்டு வாட்டர்டவுன் அரசு ஆயுதத் தொழிற்சாலையில் ஸ்டாப்வாட்சை எதிர்த்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1912இல் நாடாளுமன்றக் குழு முன் டெய்லர் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

1915 மார்ச் 21. 59 வயது நிறைந்த மறுநாள், நிமோனியாவால் இறந்தார். அதே ஆண்டு, ராணுவத் தொழிற்சாலைகளில் ஸ்டாப்வாட்ச் ஆய்வுக்குத் தடை வந்தது.

எல்லோருக்கும் தெரிந்த விதியைக்கூட ஒருமுறை சோதித்துப் பார்த்ததுதான் டெய்லரின் பெரிய வெற்றி. அப்படிச் சோதித்துப் பார்க்கும் உரிமையை அவருடைய சிஸ்டம் தொழிலாளிக்குத் தரவில்லை. டைம்ஷீட் நிரப்பும்போது எரிச்சல் வந்தால், அது நூறாண்டுக்கு முன்பே தொடங்கிய சண்டை என்று நினைத்துக்கொள்ளுங்கள்.